ரொதாந்திக்கு வராத தட்டு

வாயோஸ் கடையில் "என்ன சாப்பிடுறீங்க?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். வோலோஸ் துறைமுகக் கரையில் எந்தக் கடையிலுமே கேட்கமாட்டார்கள். உட்கார்ந்தால் சிப்புரோ வரும், திராட்சைச் சக்கையில் காய்ச்சின சாராயம், உள்ளங்கையில் அடங்குகிற குப்பியில். சோம்பு போட்டதா, போடாததா என்று சொல்வதோடு உங்கள் அதிகாரம் முடிந்தது. குப்பியோடு ஒரு தட்டும் வரும். தட்டில் என்ன இருக்கும் என்பது கடையின் இஷ்டம். அடுத்த குப்பிக்கு அடுத்த தட்டு, முந்தினதைவிட ஒரு படி மேலாக. ஊறுகாயில் ஆரம்பித்து, பொரித்த நெத்திலி, சுட்ட ஆக்டோபஸ் என்று ஏறிப் போய், உங்களைப் பிடித்திருந்தால் கடைசியில் இறால் வந்து நிற்கும். பிடிக்கவில்லை என்றால் எத்தனை குப்பி குடித்தாலும் ஊறுகாய்தான். வாயைத் திறந்து கேட்கவும் முடியாது. கேட்டால் நீங்கள் வெளியூர் ஆள் என்று பக்கத்து மேஜை சிரிக்கும்.

ஒருத்தரை ஒருத்தர் அவமானப்படுத்த இதைவிட வசதியான ஊர் உலகத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

ரொதாந்திக்குத் தினமும் ஊறுகாய்தான் வந்தது. அவளுக்கு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வாள், அவள் பின்னால் காசு கொடுத்து வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கும் அதேதான். சாயங்காலமானால் சுங்க அலுவலக வாசலில் ஏழெட்டுப் பேரைக் கூட்டி, ஊரைச் சுற்றி நடத்தி, ஆங்காங்கே தின்னக் கொடுத்து, கடைசியில் கடலைப் பார்த்து உட்காரவைப்பது அவள் வேலை. கடலை வறுக்கிற கடை, எள் அல்வாக் கடை, அகதித் தெருவில் ஒரு அடுமனை, அப்புறம் வாயோஸ். ஆள் குட்டை. ஆனால் நடை இருக்கிறதே, நெட்டை நெட்டையான டச்சுக்காரர்கள் எல்லாம் பின்னால் ஓட வேண்டும். அதற்கு முன் அவள் தீவுகளுக்குப் போகிற கப்பலுக்குச் சீட்டு கிழித்துக்கொண்டிருந்தாள். சீட்டு எல்லாம் போனுக்குள் போனதும் ஜன்னலை மூடி, "போய்ட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். கப்பல் வேலைக்குப் போன புருஷன் ஏற்கெனவே ராட்டர்டாமில் கரை இறங்கி அங்கேயே யாரோடோ இருந்துவிட்டான். "சனியன் விட்டது" என்றாளே தவிர ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இந்த நடை ஒன்றுதான் அவளுக்குச் சோறு.

இந்த நடையை நடத்துகிற கம்பெனி ஏதென்ஸில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கிற ஃபிலியோ என்ற பெண், ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பு பாதி ஓடியிருந்தபோது போன் செய்தாள்.

"ரொதாந்தி, உங்களைப் பத்தி எல்லாரும் நல்லாத்தான் எழுதறாங்க. கடைசிக் கடையைத்தான் திட்டறாங்க. ஊறுகாயும் முறைப்பும்தான் கிடைச்சுதுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார்."

"அவர் வயித்துக்கு ஊறுகாய்தான் நல்லது."

"விளையாடாதீங்க. வேற கடை பாருங்களேன்."

வேறு கடை! கரையில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு, அதற்குத் தலைவன் யார் என்று நினைக்கிறீர்கள்? வாயோஸ்தான். ரொதாந்தியின் கூட்டத்துக்கு யாரும் மேஜை போடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தான். சொன்னவன் தன் கடையில் மட்டும் தினமும் மேஜை போட்டான். ஏன் போட்டான் என்று கரையே மண்டையை உடைத்துக்கொண்டது. எதிரியைக் கண்ணெதிரே வைத்துத் தினம் ஒரு குத்து குத்தினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும் என்று பேசிக்கொண்டார்கள்.

"அப்ப நானே வந்து ஒரு தடவை பார்க்கறேன்," என்றாள் ஃபிலியோ. "அதே மாதிரிதான் இருக்குன்னா, ஈஸ்டரோட வோலோஸ் நடையை நிறுத்திடச் சொல்லிட்டார் முதலாளி. என்னைக்கு வரட்டும்?"

ரொதாந்தி யோசிக்கவே இல்லை. "குருத்தோலை ஞாயித்துக்கிழமை வா," என்றாள்.

அதில்தான் இருந்தது அவள் சூது. வாயோஸ் என்கிற பேருக்குப் பெயர்த் திருநாள், அந்தப் பேர்க்காரர்கள் எல்லாம் கொண்டாடுகிற நாள், குருத்தோலை ஞாயிறு. பெயர்த் திருநாள் அன்று கதவு திறந்திருக்கும். வந்து "பல்லாண்டு வாழ்க" என்று சொல்கிறவன் எவனாக இருந்தாலும் விருந்து அவனுக்கு உண்டு, அதுவும் கொண்டாடுகிறவன் செலவில். நோன்பு நடுவே மீன் சாப்பிட அனுமதி இருக்கிற நாள் வேறு. அன்றைக்கு ஒருத்தனுக்கு ஊறுகாய் வைத்தால், வைத்தவன் முகத்தில்தான் ஊர் கரி பூசும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் வாயோஸின் கை கட்டப்பட்டிருக்கும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

இந்த வன்மம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஒரு பேரால் வந்தது.

வாயோஸின் மகள் மிர்த்தோவுக்கு ஞானத்தாய், ஞானஸ்நானத்தில் பேர் சொல்கிறவள், ரொதாந்திதான். வாயோஸின் மனைவி லாம்ப்ரினியும் ரொதாந்தியும் ஒரே தெருவில் பாவாடையை மாற்றிப் போட்டு வளர்ந்தவர்கள். முதல் பெண் குழந்தைக்கு அப்பாவின் அம்மா பேரை வைப்பது இங்கே எழுதாத சட்டம். ஆகவே அந்தக் குழந்தை பிறக்கும் முன்பே அதற்கு அசிமோ என்று பேர் முடிவாகியிருந்தது. வாயோஸின் அம்மா, மலைமேல் ஊர்க்காரி, அசிமோ. அவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நானும் தேடித்தான் பார்க்கிறேன். மருமகளின் பானை மூடியைத் திறந்து மோந்து பார்த்து, ஊரார் முன்னால் நாய்க்குக் கொட்டுவாள். ஒரு நாள் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று பழுக்கக் காய்ந்த கரண்டியை லாம்ப்ரினியின் மணிக்கட்டில் வைத்தாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கடை அடுப்படியில் லாம்ப்ரினி கையுறை போட்டுக்கொண்டுதான் பொரிப்பாள், அதனால் வெளியே தெரியாது.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் லாம்ப்ரினி துணி காயப்போடுகிற சாக்கில் ரொதாந்தியைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்தப் பேரை என் பிள்ளைக்கு வைக்காதேடி. நாளெல்லாம் அந்தப் பேரைச் சொல்லி நான் முத்தம் கொடுக்கணுமா? என்னால முடியாது. மிர்த்தோன்னு சொல்லிடு. ரெண்டு குடும்பத்துலயும் யாருக்கும் இல்லாத பேரு."

"உன் புருஷன் என்னை வெட்டிப் போட்டுடுவான்."

"உன்னைப் பார்த்துக் கத்துவான், அவ்வளவுதான். என்னைன்னா வீட்டை விட்டே துரத்துவான், அவங்கம்மா துரத்த வைப்பா. பாதிரியார் உன்னைத்தானே கேப்பாரு. நான் சொன்னேன்னு மட்டும் சாகற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே."

ரொதாந்தி சத்தியம் பண்ணினாள். மறுநாள் கோவிலுக்குள் எண்ணெய் பூசின குழந்தை கையில் வழுக்க, பாதிரியார் பேர் கேட்க, "மிர்த்தோ" என்றாள். ஞானத்தாய் வாயிலிருந்து வந்த பேர் வந்ததுதான், திரும்ப உள்ளே போகாது. பழைய வழக்கப்படி அப்பாவும் அம்மாவும் வெளியே முற்றத்தில் காத்திருந்தார்கள். பேரைச் சொல்லிக் காசு வாங்கக் குழந்தைகள் ஓடின. "மிர்த்தோ! மிர்த்தோ!" என்று கத்திக்கொண்டு வந்தவற்றை வாயோஸ் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அசிமோக் கிழவி அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். விருந்துக்கு வெட்டின ஆட்டை அப்படியே போட்டுவிட்டு ஊர் கலைந்தது. வாயோஸ் ரொதாந்தியின் முகத்தில் காறித் துப்பினான். லாம்ப்ரினி குழந்தையை அணைத்தபடி குனிந்த தலை நிமிராமல் நின்றாள்.

அன்று குனிந்தவள்தான், இருபத்துமூன்று வருஷமாக நிமிரவில்லை.

கிழவி செத்துப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இனி யாருக்குப் பயம்? லாம்ப்ரினி அப்போதும் வாய் திறக்கவில்லை. ஈஸ்டர்தோறும் ஞானத்தாய் பிள்ளைக்கு மெழுகுவர்த்தி கொடுக்க வேண்டும், ரொதாந்தி கொண்டுபோய்க் கதவில் நின்றால் வாயோஸ் வாங்கிச் சாக்கடையில் எறிவான். கொஞ்சம் வளர்ந்ததும் மிர்த்தோ தானே சீட்டு ஜன்னலுக்கு வந்து, "நொனா, என் மெழுகுவர்த்தி எங்கே?" என்று கேட்டு வாங்கிப் போவாள். இங்கே ஞானத்தாயை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு வார்த்தையை ஜன்னல் கம்பி வழியாகக் கேட்டதோடு சரி. பிறந்தநாள், நோய் நொடி, பள்ளிக்கூட விழா எதற்கும் ரொதாந்திக்கு அழைப்பு இல்லை.

நடை ஆரம்பித்த இந்த மூன்று வருஷமாகத் தினம் சாயங்காலம் இன்னொரு கூத்து. ரொதாந்தி தன் மேஜையிலிருந்து பார்த்தால் அடுப்படியின் சின்ன ஜன்னல் தெரியும். லாம்ப்ரினி அவள் மேஜைக்கென்று நல்ல தட்டாகத்தான் போட்டு வைப்பாள். பூண்டு வாசனையோடு ஆவி பறக்கும். வாயோஸ் அதைத் தூக்குவான், திரும்புவான், துறைமுகத் தொழிலாளிகள் மேஜையில் வைத்துவிட்டு வாளியிலிருந்து ஊறுகாயை அள்ளிக்கொண்டு ரொதாந்தியிடம் வருவான். "கழுதைக்குப் போட்டா கழுதை தின்னும், இதுகளும் தின்னட்டும்," என்பான். ரொதாந்தி தன் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் சொல்வாள், "இது மலைத் தளிர் ஊறுகாய். கழுதைப் பாதை ஓரமாகப் பறித்தது என்கிறார்." கூட்டம் தலையாட்டும். ஜன்னலில் லாம்ப்ரினி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்துவிட்டு அடுத்த மீனைப் பொரிக்கப் போவாள்.

வாயோஸ்மேல் இருந்த கோபத்தைவிட அந்த ஜன்னல்மேல் இருந்த கோபம்தான் ரொதாந்திக்கு அதிகம். இறாலை வைத்து ஊமையாக மன்னிப்பு கேட்கிறாளாம். இறால் யாருக்கு வேண்டும்?

குருத்தோலை ஞாயிறு வந்தது. ஃபிலியோ வந்தாள், வெள்ளைச் செருப்பும் தோள்பையுமாக, ஈ ஓட்டினால்கூடக் கை வலிக்கும் போல. அவளோடு எட்டுப் பேர். நடையெல்லாம் நன்றாகத்தான் போனது. வழியெல்லாம் ரொதாந்தி தன் கூட்டத்துக்கு "பல்லாண்டு வாழ்க" என்பதை ஊர்ப் பேச்சிலேயே சொல்லிக் கொடுத்தாள். நாக்கு சுளுக்கிக்கொள்ளும் அளவுக்குச் சொல்லிப் பார்த்தார்கள்.

வாயோஸ் கடை நிரம்பி வழிந்தது. கதவில் குருத்தோலைச் சிலுவை. கல்லாவுக்குப் பின்னால் பலகாரப் பெட்டிகள் கூரையைத் தொட்டன. எல்லா மேஜையிலும் பொரித்த காட் மீனும் பூண்டு மசியலும், ஆக்டோபஸ், இறால். யாரும் காசு எடுக்கவில்லை, எல்லாம் வாயோஸின் விருந்து. மிர்த்தோ ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். ரொதாந்தியைப் பார்த்ததும், "நொனா!" என்று கண்ணைக் காட்டி, கரையோர மேஜையைத் துடைத்துப் போட்டாள்.

எட்டு வெளிநாட்டுக்காரர்களும் எழுந்து நின்று வாயோஸைப் பார்த்துப் பல்லாண்டு பாடினார்கள். கடையே திரும்பிப் பார்த்தது. சிலர் கைதட்டினார்கள். ரொதாந்தி சிரித்துக்கொண்டே, "பல்லாண்டு வாழ்க, வாயோஸ்," என்றாள். இருபத்துமூன்று வருஷத்தில் அவனிடம் அவள் நேராகப் பேசின முதல் நல்ல வார்த்தை.

வாயோஸ் கண்ணாடிக் குவளையைத் துடைத்தபடி வந்தான். பெரிய மீசை, பெரிய வயிறு. மேஜை அருகே நின்று நிதானமாகச் சொன்னான்.

"நான் இந்த வருஷம் கொண்டாடலை."

வீட்டில் சாவு விழுந்தவன்தான் அப்படிச் சொல்வான். சொன்னால் வாழ்த்தினவர்கள் மன்னிப்பு கேட்டுவிட்டுப் போய்விட வேண்டும். சுற்றி எல்லா மேஜையிலும் அவன் விருந்தைத் தின்றுகொண்டிருந்தவர்கள் கரண்டியை நிறுத்தினார்கள்.

"அப்படியா? யார் செத்தா?" என்றாள் ரொதாந்தி.

"எங்கம்மா பேர் செத்துப் போச்சு. நீதான் கொன்னே. அந்தத் துக்கம் உன் விஷயத்துல மட்டும் எனக்கு இன்னும் தீரலை. மத்தவங்களுக்குக் கொண்டாடறேன், உனக்குக் கொண்டாடலை." வாளியிலிருந்து அள்ளின ஊறுகாயை மேஜை நடுவில் வைத்தான். கிண்ணம்கூட இல்லை, காகிதத்தில்.

கரை முழுக்கச் சிரித்தது. தாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. வாயோஸ் விருந்தைத் தின்கிறவன் வாயோஸ் சிரித்தால் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபிலியோ தோள்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே ரொதாந்திக்குத் தெரிந்துவிட்டது, நடை முடிந்தது.

"என்ன சொல்றார்?" என்று பக்கத்திலிருந்த டச்சு அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"தாயாரை நினைத்துக்கொள்கிறார்," என்றாள் ரொதாந்தி.

வாயோஸ் விடவில்லை. எல்லோரையும் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "ஏங்க, உங்க பிள்ளைக்கு எவளாவது தெருவுல போறவ பேர் வெச்சா விடுவீங்களா? எங்கம்மா சாகற வரைக்கும் பேத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிடலை. 'ஏ புள்ள, ஏ புள்ள'ன்னே கூப்பிட்டா. இந்த மகராசி பண்ணின வேலை. இப்ப வெள்ளைக்காரனைக் கூட்டிக்கிட்டு என் மேஜைல வந்து பல்லாண்டு பாடறா!" என்றான்.

ரொதாந்தி அடுப்படி ஜன்னலைப் பார்த்தாள். லாம்ப்ரினி அங்கேதான் நின்றாள், கையில் எண்ணெய் வடிகிற சல்லடைக் கரண்டி. வழக்கம்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

அந்தத் திரும்பல்தான் ரொதாந்தியைக் கிளப்பிவிட்டது. சோறு போகட்டும், நடை போகட்டும், எந்த எழவு வேண்டுமானாலும் போகட்டும். நாற்காலி பின்னால் விழ எழுந்து நின்றாள்.

"லாம்ப்ரினி! வெளிய வாடி!"

ஜன்னலைப் பார்த்து இன்னும் சத்தமாகக் கத்தினாள்.

"உன் இறால் எனக்கு வேண்டாம். வெளிய வந்து வாயைத் திற. நான் சொல்லமாட்டேன், சத்தியம் பண்ணியிருக்கேன். நீ சொல்லு. இல்லேன்னா சொல்லமாட்டேன்னாவது இவங்க எல்லார் முன்னாலயும் வந்து நின்னு சொல்லு."

"எங்க வீட்டுப் பொம்பளையை ஏண்டி இழுக்கறே?" என்று வாயோஸ் பாய்ந்தான்.

"நீ வாயை மூடு. இது உனக்கும் எனக்கும் இல்லை."

லாம்ப்ரினி வந்தாள். முன்னங்கியில் மாவு, கையில் இன்னும் அந்தக் கரண்டி. அடுப்படி வாசலைத் தாண்டி அவள் கடைக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. எண்ணெய் சொட்டிக்கொண்டே வந்து புருஷன் பக்கத்தில் நின்றாள்.

"அவ பண்ணலைங்க," என்றாள். "மிர்த்தோன்னு வைக்கச் சொன்னது நான். முந்தின நாள் கொல்லையில வெச்சுக் கெஞ்சினேன். உங்களுக்குப் பயந்து சொல்லலை. அப்புறம் சொல்லாமயே பழகிப் போச்சு."

ரொட்டிக் கூடையோடு மிர்த்தோ நின்றது நின்றபடி நின்றாள். வெடிக்கப் போகிறான், இப்போது வெடிக்கப் போகிறான் என்று எல்லோரும் வாயோஸைப் பார்த்தார்கள்.

வாயோஸ் குவளையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?" என்றாள் லாம்ப்ரினி.

"அன்னிக்குச் சாயங்காலமே தெரியும். தொட்டில் போர்வையில மிர்த்தோன்னு நூல்ல பூப்போட்டு எழுத்து தைச்சிருந்தே. கோவில்லேருந்து வந்த ரெண்டு மணி நேரத்துல அவ்வளவு தையல் யார் போடுவா? ஒரு மாசமாவது உக்காந்து தைச்சிருப்பே. எங்கம்மா பார்க்கறதுக்கு முன்னால நான்தான் அதை எடுத்து மறைச்சேன்."

ரொதாந்தி ஓரடி அவனை நோக்கி வந்தாள்.

"தெரிஞ்சுமா?" என்றாள். "தெரிஞ்சுமாய்யா என் மூஞ்சில துப்பினே?"

"துப்பினப்போ தெரியாது. அப்புறம்தான் தெரியும்."

"அப்புறம் இருபத்துமூணு வருஷம்?"

வாயோஸ் குவளையைப் பக்கத்து மேஜையில் வைத்தான். அவன் குரலில் வெட்கம் இருந்ததா என்றால், இல்லை. சந்தையில் மீன் விலை சொல்கிற குரல்தான்.

"நான் என்ன பண்ணட்டும்? இவளோட சண்டை போட்டா குடும்பம் போயிடும். அம்மாவோட போட்டா ஊர் காறித் துப்பும். யார்மேலயாவது கோபப்பட்டே ஆகணும், வீட்டுல ஒரு கிழவி அழுதுகிட்டே உக்காந்திருக்கா. உன்னோட சண்டை போட்டா என்ன போகும்? ஒண்ணும் போகலை."

"அப்பா," என்றாள் மிர்த்தோ. "அப்போ என் பேர்மேல உங்களுக்குக் கோபமே இல்லையா?"

"உன் பேருக்கு என்னம்மா? நல்ல பேர்தான்."

"ஒண்ணும் போகலையா?" என்றாள் ரொதாந்தி.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றுகிறோம், ஒரு குடும்பத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறோம் என்று இத்தனை காலமும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. வாங்கின ஏச்சை எல்லாம் அந்தப் பெருமையில்தான் செரித்தாள். கடைசியில் பார்த்தால் அங்கே ரகசியமே இல்லை. அவன் அவளை வைத்துத் தன் மனைவியைக் காப்பாற்றினான். மனைவி அவளை வைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டாள். இவளைக் கறிவேப்பிலையாக ஓரமாக எடுத்து வைத்துவிட்டு இரண்டு பேரும் ஒரே கட்டிலில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். மிர்த்தோ முதல் அடி வைத்ததை அவள் பார்க்கவில்லை. மஞ்சள் காமாலையில் கிடந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்று திரும்பி வந்தாள். ரொதாந்திக்கு அழுகை வந்தது, வந்ததில் ஆத்திரம் இன்னும் கூடியது, முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

டச்சு அம்மாள் மெல்ல அவள் கையைத் தொட்டாள். "என்ன ஆச்சு? இப்போது என்ன சொல்கிறார்?"

மலைத் தளிர், கழுதைப் பாதை, தாயார் நினைவு என்று ஆயிரம் கைவசம் இருந்தன. ரொதாந்தி அந்த எட்டு முகங்களையும் பார்த்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"யாரையாவது வெறுக்க வேண்டியிருந்ததாம். நான் பக்கத்தில் இருந்தேனாம். அதனால் யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை என்கிறார்."

எட்டுப் பேரும் வாயோஸைப் பார்த்தார்கள். திட்டவில்லை, முறைக்கவில்லை, வெறுமனே பார்த்தார்கள். துறைமுகத் தொழிலாளி ஒருத்தன் தன் முன்னால் இருந்த இறால் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தான். பக்கத்து மேஜையில் இன்னொருத்தன் கரண்டியைக் கீழே வைத்தான். பெயர்த் திருநாள் அன்று விருந்துத் தட்டைத் தள்ளி வைப்பது இங்கே அறைவதற்குச் சமம். வாயோஸின் மீசை துடித்தது.

"அவளுக்கு நல்ல தட்டா கொண்டு வரேன்," என்றான் அவசரமாக. "எல்லாருக்கும் கொண்டு வரேன். இறால், காட் மீன், எது வேணுமோ."

"நீ தொடாதே," என்றாள் ரொதாந்தி. விழுந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். "இந்தக் கடையில எது வேணும்னு கேக்கற வழக்கம் கிடையாது, எனக்குத் தெரியும். நான் கேக்கறேன். நாளைலேருந்து கடல் ஓரத்துல இந்த மேஜை என் கூட்டத்துக்கு. என் தட்டை நீ தூக்கக் கூடாது. இவதான் தூக்கிட்டு வரணும். அடுப்படிலேருந்து இங்க வரைக்கும், இந்தக் கரை முழுக்கப் பார்க்க, தலையைத் தூக்கிக்கிட்டு, தினமும். முடியாதுன்னா இப்பவே சொல்லு. ஏதென்ஸ்காரி இங்கதான் உக்காந்திருக்கா, எழுந்து போயிடறோம்."

வாயோஸ் மனைவியைப் பார்த்தான். லாம்ப்ரினி உள்ளே போய்விட்டாள். போனவள் வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், ரொதாந்தியும்தான். ஃபிலியோ எழுந்திருக்கலாமா என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

லாம்ப்ரினி வந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சூடு பொறுக்காமல் விரல் மாற்றி விரல் பிடித்தாள். மணிக்கட்டில் அசிமோ வைத்த தழும்பு எல்லோருக்கும் தெரிந்தது. மேஜை மேஜையாகத் தாண்டி, ஒவ்வொருத்தர் பார்வையையும் வாங்கிக்கொண்டு வந்து, ஊறுகாய்க் காகிதத்தைத் தள்ளிவிட்டு, தட்டை ரொதாந்தியின் முன்னால் வைத்தாள். கண்ணீர் தாடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னை மன்னிச்சுடுடி, ரொதாந்தி."

ஃபிலியோ பையைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்தாள். ரொதாந்தி தட்டைப் பார்த்தாள். பிறகு தோழியை நிமிர்ந்து பார்த்தாள்.

"மன்னிக்கமாட்டேன்," என்றாள். "நாளைக்கு ஒன்பது பேர் வராங்க. சூடா கொண்டு வா."